கானல், மூன்று கட்டம்

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் கடல் ஒரு வசதி. 1971இல் 'தி ஹிந்து'வில் தொடங்கிய புதிரை வங்கியில் மதிய இடைவேளைகளில் போட்டுப் பழகியவன் நான். 'மெயின்' என்றிருந்தால் கடல். 'ஃப்ளவர்' என்றிருந்தால் மலரல்ல, ஓடுவது, அதாவது நதி. கடலுக்குள் நீளும் நிலமுனைக்கு 'நெஸ்' என்று ஒரு சொல். 'டார்க்நெஸ்' முதலான எத்தனையோ சொற்களின் வால் அதுவே என்பதால் புதிர்க்காரர்களுக்கு அந்த முனைமேல் தீராத பிரியம். கடல் புகுந்து மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு 'ரியா'. ஸ்பெயினின் வடமேற்குக் கரைச் சொல். மூன்றெழுத்தில் இரண்டு உயிர், எந்தச் சந்திலும் செருகலாம். அதன் தண்ணீரை யாரும் நினைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் கடல் இல்லாததுதான் பிழைப்பு. ஈரம் ஏறாத காற்றில்தான் சிவகாசியில் வெடிமருந்து காய்கிறது. 1985இல் ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மூக்கையூரும், 1964 புயல் தின்ற தனுஷ்கோடியும் அந்தப் பங்கில் போயின; விருதுநகருக்கு வரைபடத்தில் இருந்த கடலும் போயிற்று. நான் பிறந்தது அதற்குப் பின். இங்கே கானல் என்றால் சித்திரை வெயிலில் சாத்தூர் சாலையில் பளபளப்பது. தமிழில் புதிர் போடும் நண்பர் ஒருவர் 'கடற்கரைச் சோலை, மூன்று கட்டம்' என்று கொடுத்திருந்தார். (தமிழில் மெய்க்கும் ஒரு கட்டம் உண்டு.) கா, ன, ல். சங்கப் பாட்டில் அது மரமும் நிழலும். சாலைக் கானலில் இல்லாத இரண்டும்.

அதன்பின் கானல்வரியை வேறு விதமாகப் படிக்க நேர்ந்தது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் வாங்கிப் பாடுகிறான். மாதவி விடை காண்கிறாள்: வேறொருத்தி. அவள் பாடுகிறாள், அவன் கண்ட விடை: வேறொருவன். இரண்டு விடையும் கட்டத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பாட்டில் இருந்த காவிரியும் புன்னையும் அன்னமும் இருவர் காதிலும் விழவில்லை. அந்த இடத்தில் இளங்கோ ஆளும் சொல்லும் 'குறிப்பு' என்பதே.

நம் கவிதை விமர்சனம் பெரும்பாலும் இந்த இருவரின் வாரிசு. கடலா, மரணம், கரையா, பிரக்ஞை. விடை கிடைத்ததும் கவிதையை மடித்து வைத்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்டு விடையோடு எழுதித் தருகிற கவிஞர்களும் பெருகிவிட்டார்கள். அவர்கள் கடல் 'ரியா'தான், காலி இடத்துக்குச் செருகல்.

மூக்கையூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் நண்பரின் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பியிருந்தார். அதில் 'பார்' என்று ஒரு சொல். நண்பர் உலகம் என்று கொண்டு, இருத்தலின் பாரம், தனிமனிதச் சிதைவு என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதி என்னிடம் காட்டினார். மன்னார் வளைகுடாவில் பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. ஒரு காலத்தில் முத்துக் குளித்த இடம். விளக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு இளைஞருக்கே கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார். பதில் அஞ்சலட்டையில் வந்தது: "பாருக்கு மேலே விரிச்சா வலை கிழியும்ணே."

கவிதை விளக்கமில்லாமல் அச்சேறியது.