மலையோர நாட்கள் – 6: பென்சில் தேய்ந்த இரவு

போன வாரம் எஸ்டெஸ் பார்க் மலைப்பாதையில் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு முட்டிப் பாறைமேல் உட்கார்ந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். கீழே டென்வருக்கு இறங்கினால் சரியாகிவிடும் என்று பார்த்தால், டென்வரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. கச்சிதமாக ஒரு மைல். நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரம்தான். ஆனால் ஊர் பொட்டல் சமவெளி மாதிரி விரிந்து கிடப்பதால், மலைமேல் இருக்கிறோம் என்பதே உறைப்பதில்லை. மாடிப்படி ஏறினால் உறைக்கும்.

“இந்த ஊர்க் காத்துல மனுஷன் மட்டுமில்ல மாமா, பந்தும் ஒழுங்காப் போகாது. வாங்க, காட்டறேன்,” என்றான் அக்கா மகன்.

அப்படித்தான் 2025 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூர்ஸ் ஃபீல்டுக்குப் போனோம். கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானம். எதிரணி பிட்ஸ்பர்க் பைரட்ஸ். எங்களோடு மூன்றாவது ஆளாக வந்தவர் அவனுடைய பக்கத்து வீட்டு அம்மாள். பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதைத் தாண்டியவர். வெளுத்துப்போன ஊதாத் தொப்பி, மடியில் அட்டை வைத்த நோட்டு, காதில் செருகிய பென்சில். நம் ஊர்ப் பழைய மளிகைக்கடை முதலாளி ஒருவரை ரயிலில் பார்த்த மாதிரி இருந்தது.

யூனியன் ஸ்டேஷனில் இறங்கி, செங்கல் கட்டடங்கள் நெருக்கும் தெருக்களில் சிறிது தூரம் நடந்தால் மைதானம் வந்துவிடும். வழியெல்லாம் ஊதாச் சட்டைகள். யார் முகத்திலும் ஜெயிக்கப் போகிற களை இல்லை. அந்த வருஷம் ராக்கீஸ் பட்ட பாடு அப்படி. மே 10ஆம் தேதி இதே மைதானத்தில் சான் டியேகோவிடம் 21-0 என்று தோற்றார்கள். மறுநாள் ஜெயித்தார்கள், ஜெயித்த கையோடு மேலாளர் பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைய கணக்கு 7 வெற்றி, 33 தோல்வி. மருமகன் இதையெல்லாம் சொந்தக்காரர் வீட்டு நோய்நொடியைச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டு வந்தான்.

எங்கள் இருக்கை மேல்தட்டில், முதல் பேஸ் பக்கம். அங்கே உட்கார்ந்தால் மேற்கே மலைத்தொடர் முழுக்கத் தெரிகிறது. பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரிசை மட்டும் ஊதா. கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தை அந்த வரிசை குறிக்கிறது. நான் எழுந்து போய் அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். தமிழனுக்கு எல்லை என்று ஒன்றைக் காட்டினால் ஒரு கால் அந்தப் பக்கம் வைக்காமல் இருக்க முடியாது.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காக இரண்டு வரி. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் மூன்று அவுட் வரை ஆட்டம். பந்தெறிபவர், அதாவது பிட்சர், அறுபது அடிக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் ஒரு மண்மேட்டின் மேல் நின்று, தரையில் படாமல் எறிகிறார். அவரை ஒருமுறை மாற்றிவிட்டால் அன்றைக்கு அவர் மறுபடி பந்தைத் தொட முடியாது. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பிட்சரின் பிழைப்பு காற்றில் இருக்கிறது. சுழற்றிவிட்ட பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளுகிறது, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது, பந்து வளைகிறது. டென்வரில் காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களைவிட ஆறில் ஒரு பங்குக்குமேல் குறைவு. தள்ளுவதற்குக் காற்று இல்லையென்றால் கர்வ்பால் எங்கே வளையும்? நேராகப் போய் மட்டையின் நடுவில் உட்காருகிறது. அடிபட்ட பந்தைத் தடுக்கவும் காற்று இல்லாததால், கடலோரத்தில் 400 அடி போகிற அடி இங்கே 420ஐ எட்டிவிடும். அதற்காக மைதானத்தை அகலமாகக் கட்டினார்கள். நடுவேலி 415 அடியில் இருக்கிறது. இவ்வளவு பெரிய புல்வெளியை மூன்றே பேர் காக்க வேண்டும். வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகாத பந்து அவர்களுக்கு நடுவே விழுந்து ஓடுகிறது. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொரு ஓட்டை.

“எங்கள் ஊரில் பந்தைப் பெட்டிக்குள் வைத்து ஈரம் ஏற்றுகிறோம், தெரியுமா?” என்றார் அம்மாள். வறண்ட காற்றில் பந்து சுருங்கி இறுகிவிடுகிறது, தோலும் வழுக்கும். வேட்டைக்குப் போன இடத்தில் தன் தோல் பூட்ஸ் காய்ந்து இறுகியதைக் கவனித்த மைதான ஊழியர் ஒருவருக்கு, பந்துக்கும் இதே கதிதானே என்று பொறி தட்டியிருக்கிறது. 2002லிருந்து சுருட்டுப் பெட்டி மாதிரி ஈரப்பதம் காக்கும் ஓர் அறையில் பந்துகளை வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். நாம் நமுத்துப்போன அப்பளத்தைப் பார்த்து அலுத்துக்கொள்வோம். இவர்கள் பணம் செலவழித்து நமுக்க வைக்கிறார்கள். 2022லிருந்து மற்ற அணிகளின் மைதானங்களுக்கும் இதே ஏற்பாடு வந்துவிட்டது.

காசைக் கொட்டியும் பார்த்தார்கள். 2000 டிசம்பரில் மைக் ஹாம்டன் என்ற நட்சத்திர பிட்சரை எட்டு வருஷத்துக்கு 12 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். இரண்டே சீசன். பந்தெறிந்து அடிபட்டதுதான் மிச்சம். ஆனால் 2001ல் அதே மனிதர் மட்டையைப் பிடித்து ஏழு ஹோம் ரன் அடித்தார் என்று சொல்லிவிட்டு அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரைப் படுத்திய காற்று அவருக்கே கைகொடுத்திருக்கிறது. இந்த மைதானத்தில் ஒரு ஹிட்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்த பிட்சர் இதுவரை ஒரே ஒருவர்தான்: 1996 செப்டம்பரில் ஹிதேயோ நோமோ. அவரும் எதிரணிக்காரர், டாட்ஜர்ஸ்.

ஆட்டம் தொடங்கியது. அம்மாள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஆட்டக்காரர் பெயர்கள், மேலே 1 முதல் 9 வரை இன்னிங்ஸ். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பொடி சாய்சதுரம். ஆள் முதல் பேஸுக்குப் போனால் சதுரத்தின் ஒரு பக்கம் கோடு, இரண்டாவதுக்குப் போனால் அடுத்த கோடு. சுற்றி வந்து ரன் எடுத்தால் சதுரத்தை முழுக்கக் கறுப்பாக்க வேண்டும். ஸ்ட்ரைக் அவுட் என்றால் ‘கே’ எழுத்து; மட்டையை வீசாமலே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

முதல் இன்னிங்ஸில் ராக்கீஸ் பிட்சர் எறிய எறிய, அம்மாள் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தார். ஒன்று, இரண்டு, நாலு. பைரட்ஸின் ஒன்பது ஆட்டக்காரர்களும் ஒரு சுற்று முடித்து முதல் ஆளே திரும்ப வந்து நின்றார். அவருக்கு அந்தப் பத்தியில் கட்டம் காலி இல்லை. அம்மாள் அடுத்த பத்தியின் தலையில் இருந்த 2ஐ அடித்துவிட்டு 1 என்று எழுதினார். அதற்கு அடுத்த 3ஐ அடித்து 2. அப்படியே கடைசிவரை நிதானமாகத் திருத்தினார். பெயர்ப் பதிவேட்டில் இறந்தவர் பெயரை அடிக்கிற கிராம அலுவலர் முகம்.

மேட்டின் மேல் நின்ற பையன் வெள்ளைத் தூள் பையைக் கையில் உருட்டினான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான். தூள் அங்கே என்ன செய்துவிடும்? கிரிக்கெட்டில் அடி வாங்கும் பந்துவீச்சாளருக்கு ஆறு பந்து முடிந்தால் எல்லைக்கோட்டுக்கு ஓடி ஒளிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை. யாராவது வந்து கூட்டிப் போகும்வரை மைதானத்தின் நடுவில், சுற்றுப்புறத்தைவிட ஓரடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும்.

9-0. ராக்கீஸ் இன்னும் மட்டையையே தொடவில்லை.

பின் வரிசையில் ஒருவர் அணியை விற்றுத் தொலையுங்கள் என்று கத்தினார். அந்த ஊரில் இது வழிபாட்டுக் கோஷம் மாதிரி ஆகிவிட்டதாம். அதற்கு முன்வரிசை கை தட்டியது. அம்மாள் மட்டும் திரும்பி, “பையனைத் திட்டாதே, காற்றைத் திட்டு,” என்றார். பின் வரிசை சிரித்தது. பிறகு அவரே கொஞ்சம் யோசித்து, “பையனையும் கொஞ்சம் திட்டலாம்,” என்றார்.

இடையில் மருமகன் ‘ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர்’ வாங்கித் தருகிறேன் என்று புறப்பட்டான். மலையில் ஏதப்பா சிப்பி என்று கேட்டேன். காளையின் எந்த உறுப்பு என்று அவன் காதில் சொன்னான். எனக்கு வேர்க்கடலை போதும் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லி உங்களை அயரவைக்க மாட்டேன். ராக்கீஸ் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடிப்பார்கள், பைரட்ஸ் மறுபடி விலகிப் போவார்கள். இரு தரப்பிலும் பிட்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு விஷயம் மட்டும் முக்கியம். முந்தின நாள், ஜூலை 31, வீரர்களை அணிகள் பண்டமாற்றுச் செய்துகொள்ளக் கடைசி நாள். அன்றைக்கு ராக்கீஸ் ஆட்டத்தின் நடுவே இறங்கும் தன் பின்கட்டு பிட்சர்களில் ஒருவரான ஜேக் பேர்டை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டது. பைரட்ஸும் தன் கடைசி இன்னிங்ஸ் காவலரான டேவிட் பெட்னரை அதே யாங்கீஸுக்கு, அதே நாளில் கொடுத்துவிட்டது. இரண்டு ஏழை வீட்டுக்காரர்களும் பூட்டைக் கழற்றி ஒரே பணக்காரருக்கு விற்றுவிட்டு, மறுநாள் ராத்திரி ஒருவர் வீட்டில் ஒருவர் புகுந்தது போல இருந்தது ஆட்டம்.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் போனது. குளிர் இறங்கியது. குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு 16-12 என்று ராக்கீஸ் பின்தங்கி நின்றபோது நானும் செருப்பைத் தேடினேன். “ரயில் இருக்குமாடா?” என்றேன்.

“அவங்க பென்சிலை வெக்காம நாம கிளம்ப முடியாது மாமா.”

ஹன்ட்டர் குட்மன் ஒரு ஹோம் ரன் அடித்தார். 13. சரி, மரியாதைக்கு ஒன்று. அடுத்து ஜோர்டன் பெக் நாலு தப்புப் பந்துகளைப் பொறுமையாக விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். வார்மிங் பெர்னபெல் என்ற புதுப் பையன் அந்த அகலப் புல்வெளியில் ஆளில்லாத இடமாகப் பார்த்து அடித்து மூன்றாவது பேஸ்வரை ஓடினான். 14. எஸ்ட்ராடா அடித்தார். 15. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டார்கள். பெட்னர் இருந்திருக்க வேண்டிய மேட்டில் டென்னிஸ் சான்டானா நின்றார்.

பிரென்டன் டாய்ல் அடித்த சத்தம் எங்கள் உயரத்துக்கு வருவதற்குள் பந்து கிளம்பியிருந்தது. அது வேலியைத் தாண்டுவதை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மருமகன் என்னைக் கட்டிப்பிடித்ததில் வேர்க்கடலைத் தோல் மொத்தமும் என் சட்டையில். 17-16. அணியை விற்கச் சொன்னவர் யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

(இதை எழுதும்போது சீசன் முடிந்துவிட்டது. 43 வெற்றி, 119 தோல்வி. எடுத்தது 597 ரன், கொடுத்தது 1,021. வித்தியாசம் 424, நவீன பேஸ்பாலில் இவ்வளவு பெரிய பள்ளத்தில் எந்த அணியும் விழுந்ததில்லை.)

அம்மாள் உட்கார்ந்தே இருந்தார். டாய்லின் சாய்சதுரத்தை மூலைவரை தேய்த்துக் கறுப்பாக்கினார். பென்சில் முனை மழுங்கி மரம் தெரிந்தது. பிறகு பக்கத்தின் அடியில், பிட்சர்களுக்கென்று இருந்த சில வரிகளுக்குப் போனார். வரிகள் தீர்ந்துபோய் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எண்களைக் கூட்டினார். சுற்றிலும் தீபாவளி, அவர் ஒருத்தர் மட்டும் மாதக் கடைசிச் செலவுக் கணக்கு பார்ப்பவர் போல உதட்டைக் கடித்தபடி இருந்தார்.

“ஜெயித்துவிட்டீர்களே!” என்றேன், அவர் காதருகில் கத்தி.

தலையை ஆட்டினார். பென்சிலால் அந்தப் பெயர்களை மேலிருந்து கீழாக ஒருமுறை தட்டினார்.

“இத்தனை பேரும் இன்றைக்கு எறிந்தாயிற்று,” என்றார். “நாளைக்கு யார் எறியப் போகிறார்கள்?”

(தொடரும்)