ரப்பர்ச் சவ்வு

யாப்பு இன்னும் இயங்குகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இயங்குகிறது என்ற சொல்லின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு கிடங்கில்.

வங்கியில் கடன் பிரிவுக்கு மாற்றியதிலிருந்து அம்பத்தூர்ப் பக்கம் போய், ஈடு வைத்த சரக்கை எண்ணி வருவதும் என் வேலை. (விமர்சனமும் ஏறக்குறைய இதுதான்.) சென்ற மாதம் எண்ண முடியவில்லை. அடுக்குகளை இறக்கித் தரும் ஃபோர்க்லிஃப்ட் பிரித்துப் போடப்பட்டிருந்தது. கேஸில் ஓடுகிற, வெளிநாட்டில் உழைத்து முடித்து இங்கே வந்த வண்டி. மெக்கானிக் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிப் பலகைமேல் வைத்துக்கொண்டு கூட இருந்த பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நானும் நின்று கேட்டேன்.

சிலிண்டரில் திரவமாக இருப்பது திரவமாகவே குழாயில் வருகிறது. புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாயுவானால் சுமார் 270 மடங்கு விரியும். கொதிப்பதற்கான சூட்டை அது எங்கிருந்தாவது பிடுங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சினைச் சுற்றிவந்த வெந்நீரை ரெகுலேட்டர் வழியே ஓடவிடுகிறார்கள். அந்த ஓட்டம் அடைபட்டால் சென்னை வெய்யிலிலும் அதன்மேல் வெள்ளையாகப் பனி பூக்கும். எஞ்சினின் சூட்டிலேயே அதன் ஆகாரம் பக்குவமாகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. எஞ்சின் மூச்சிழுக்கும் அளவுக்கு அசைந்து அது வாயுவை விடும். என் கையில் கொடுத்தார். கிழிசலில்லை, வெடிப்பில்லை. மடித்துப் பார்த்தபோதுதான் அட்டை மாதிரி விறைத்திருப்பது தெரிந்தது. "கிழிஞ்சிருந்தா வண்டியே காட்டிக் குடுத்திடும் சார். இது ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

ஓடும். அளவு தப்பிப்போன கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடாக வெளியே வரும். கேஸுக்காவது, கசிவு தெரியட்டுமென்று வேண்டுமென்றே சேர்த்த நாற்றம் உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. டிரைவர் சில வாரங்களாகத் தலைவலி என்று சொல்லிவந்ததாகவும், வெய்யில்தான் காரணம் என்று எல்லோரும் விட்டுவிட்டதாகவும் பையன் சொன்னான். அந்தக் கிடங்குக்கு ஜன்னல் இல்லை.

சவ்வை மட்டும் மாற்றினால் போதாதா என்றார் முதலாளி. மெக்கானிக் ஒப்பவில்லை. அடைப்பு வால்வும், மிக்ஸரும், குழாய்களும் அதே வயது. ஒன்றைப் புதிதாக்கினால் மற்றவை அதைக் கெடுக்கும் என்றார். வண்டியும் ஈட்டில் இருந்ததால் முதலாளி என் முகத்தைப் பார்த்தார். என் படிவத்தில் 'இயங்கு நிலையில் உள்ளதா' என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில், 'ஓடுகிறது. கிடங்குக்குள் ஓட்டத் தகுதியில்லை' என்று எழுதி, அவருக்கும் காட்டினேன். அவருக்கு அது ரசிக்கவில்லை. மேலாளருக்கும்தான்.

நான்கு நாள் கழித்து எல்லாமே புதிதாக வந்தன. ஒவ்வொரு மூட்டிலும் மெக்கானிக் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு மூட்டில் வந்தது. இறுக்கிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தார்.