பதினஞ்சாயிரம் ரூபாயும் கடலுக்கு அடியில் இருபது நிமிஷமும்

குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு டீக்கடை. மூன்று பேர். மூவரும் பி.காம் மூன்றாம் வருஷம். ஒருவன் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன், ஒருவன் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டிக்காரன், மூன்றாமவன் ஊட்டி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவரின் மகன். இந்த மூன்று பேருக்கும் கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஸ்கூபா டைவிங். அட, சிரிக்காதீங்க! மலையில் பிறந்தவனுக்கு வரும் முதல் பெரிய ஆசை கடலாகத்தான் இருக்கும். கடற்கரையில் பிறந்தவன் ஊட்டிக்கு ஓடி வருவதில்லையா?

ஆளுக்கு 15,000 ரூபாய். அதுதான் பட்ஜெட். ஒரு வருஷமாகச் சேர்த்தது. அதற்கு மேல் ஒரு பைசா வீட்டில் கேட்க முடியாது. தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆரம்பித்த இடம்தான் வேடிக்கை. காய்கறிக் கடைக்காரன் எங்கேயோ படித்துவிட்டு வந்தான்: "மச்சி, உலகத்துலயே சீப்பா டைவிங் கத்துக் குடுக்கற எடம் ஊட்டிலாவாம்!" ஊட்டியிலா என்று மற்ற இருவரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். ஊட்டி ஏரியில் படகு விடலாம், குதித்தால் பனியில் உறைந்து போகலாம், டைவிங் எங்கே? பிறகுதான் தெரிந்தது, அது உடீலா. கரீபியன் கடலில் ஹோண்டுராஸ் நாட்டுக்குச் சொந்தமான சின்னத் தீவு. முதுகில் பையோடு ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குறைந்த காசில் சர்டிஃபிகேட் வாங்குகிற இடம். மெக்ஸிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை நீளும் பவளத் திட்டுத் தொடர் அந்தத் தீவு வழியாகத்தான் போகிறது. தண்ணீர் வெதுவெதுப்பு, கண்ணாடி மாதிரி தெளிவு, போட்டிக்குப் போட்டி டைவிங் பள்ளிகள். புதியவர்களுக்குச் சொர்க்கம்.

எஸ்டேட் பையன் உடனே எக்ஸெல் ஷீட்டைத் திறந்துவிட்டான். (இவனிடம் காதலைச் சொன்னால்கூட டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்பான்.) கோர்ஸ் கட்டணம் ஒரு வரி. அதற்கு மேலே விமானம்: கோவையிலிருந்து குறைந்தது மூன்று முறை மாறி ஹோண்டுராஸ், அங்கிருந்து லா செய்பா என்ற துறைமுகம், அப்புறம் படகு. வழியில் இறங்குகிற நாட்டுக்கு விசா. தேடிப் பார்த்த எந்த நாளிலும் டிக்கெட் மட்டுமே லட்சத்துக்குக் கீழே வரவில்லை. 'மலிவான இடம்' என்று யார் எழுதியிருந்தாலும் அவர் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது பாடம். அமெரிக்காக்காரனுக்கு உடீலா என்றால் குன்னூர்க்காரனுக்கு எது? கேள்வி அப்படி மாறியது.

அடுத்த ஒரு வாரம் ஷீட்டில் வரிகள் கூடிக்கொண்டே போயின. லட்சத்தீவு அழகு, ஆனால் அனுமதி வாங்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கும். அடித்துவிட்டார்கள். அந்தமானின் ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) புதியவர்களுக்கு நம் நாட்டிலேயே முதல் தரம். நீமோ ரீஃப் என்ற இடத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கிவிடலாம், படகில் போய் வாந்தி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் லீவில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) விமானக் கட்டணம் பட்ஜெட்டைப் பார்த்து நக்கலாகச் சிரித்தது. சென்னையிலிருந்து கப்பல் இருக்கிறதே என்றான் ஹட்டிக்காரன். போக மூன்று நாள், வர மூன்று நாள். லீவே பத்து நாள்தான் மாப்ள.

பாண்டிச்சேரி பக்கம், கோவையிலிருந்து ஒரு ராத்திரி பஸ். பிப்ரவரி, மார்ச்சில் லீவு என்றால் அதுவேதான். ஆனால் டிசம்பர்? வடகிழக்குப் பருவமழை நம் கிழக்குக் கரையைப் போட்டுக் கலக்குகிற காலம். கலங்கின தண்ணீரில் இறங்கினால் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. அதே காரணத்தால் திருகோணமலையும் போச்சு. புறாத்தீவு என்ற அருமையான இடம் அங்கே இருக்கிறது, 2003-லிருந்து தேசியப் பூங்கா. ஆனால் அதன் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. இலங்கையில் டிசம்பருக்கு உனவட்டுனவும் ஹிக்கடுவவும்தான் சரி. விஷயம் தெரியாமல் 'இலங்கை' என்று ஒரே வரியாக ஷீட்டில் போட்டிருந்தால் தப்பான கரையில் போய் நின்றிருப்பார்கள்.

இலங்கை என்ற பேச்சு எஸ்டேட் பையனின் பாட்டி காதில் விழுந்தது. 1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பாட்டியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தவர். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசாங்கத் தேயிலைத் தோட்டமான டான்டீ இங்கே விரிந்தது. பாட்டி அந்தக் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். "காசு குடுத்து யாராச்சும் கடலுக்குள்ள போவானாய்யா?" என்றார். பேரனிடம் பதில் இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. இலங்கை வரியும் அடிபட்டது.

மிச்சம் இருந்தது நேத்ராணி. கர்நாடகத்தில் முருடேஸ்வர் கோயில் இருக்கிறதே, 123 அடி உயர சிவன் சிலை, அந்தக் கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடலில் ஆள் இல்லாத சின்னத் தீவு. மேற்குக் கரை என்பதால் தென்மேற்குப் பருவமழை போன பிறகு, அக்டோபருக்கு அப்புறம் கடல் அடங்கும். டிசம்பரில் தண்ணீர் தெளிவு. ஒரு தடவை இறங்கிப் பார்க்க ஐந்தாயிரத்தை ஒட்டி ஆகும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, கூடவே ஒரு பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே வருவார். பாறைகளும் பவளமும், கிளிமீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் ஆறேழு மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கும். சர்டிஃபிகேட் கோர்ஸ் என்றால் கதை வேறு. முப்பதாயிரத்தை ஒட்டிப் போகும், நான்கு முறை கடலில் இறங்க வேண்டும், 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். மூன்று பேரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. நீலகிரியில் நீச்சல் எங்கே கற்பது? அணைப் பக்கம் போனாலே அம்மா அடிப்பாள், அதுவும் நியாயம்தான்.

ஆக நேத்ராணி. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. ரத்து செய்தால் திரும்ப வராத பணம்.

காது பற்றி ஹட்டிக்காரன் பயந்தான். அதற்குக் காரணமே இல்லை. மலைக்காரனுக்குத் தெரிந்த விஷயம்தான் அது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு தாண்டினதும் காது அடைத்துக்கொள்ளும், எச்சில் விழுங்கினால் 'டப்' என்று விடும். கடலிலும் அதேதான், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வித்தியாசம் வேகத்தில்தான் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். அந்த மொத்த மலையும் இறங்குகிறபோது காது தாங்குகிற அழுத்த மாற்றம், கடலில் வெறும் 2 மீட்டர் இறங்கினாலே வந்துவிடும். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நடப்பது அங்கே அரை நிமிஷத்தில் நடக்கும். அதனால் வலிக்கும் வரை காத்திருக்காமல், இறங்குகிற ஒவ்வொரு அடிக்கும் ஊதிக்கொண்டே போக வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது.

சிக்கல் படிவத்தில் வந்தது. டைவிங்குக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் உண்டு. இப்போது பரவலாக இருக்கிற படிவத்தில் முதல் பக்கம் 10 கேள்விகள். 'ஆமாம்' என்று ஒன்றில் போட்டாலும் மேற்கொண்டு கேள்விகள், தேவைப்பட்டால் டாக்டர் கையெழுத்து. எஸ்டேட் பையன் ஓர் இடத்தில் நின்றுவிட்டான். கடந்த 12 மாதத்தில் ஆஸ்துமா, வீசிங்? போன ஜனவரி உறைபனியில் இரண்டு ராத்திரி அவனுக்கு இழுத்தது. பாட்டி ஓமம் கட்டி முகரக் கொடுத்து, அம்மா விடிய விடிய முதுகைத் தடவினாள். வீட்டில் இன்னும் இன்ஹேலர் இருக்கிறது.

"இல்லன்னு போட்டுருடா, யாரு கேக்கப் போறா?" என்றான் காய்கறிக் கடைக்காரன். கெட்ட எண்ணமில்லை. ஷீட் போட்டவன், இடம் கண்டுபிடித்தவன், ரயில் புக் பண்ணியவன் எல்லாம் இவன்தான். இவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? முன்பணம் வேறு கட்டியாயிற்று. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'மூழ்கிய செலவு' என்று ஒரு பாடம் உண்டு. போன காசு போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்பார்கள். பரீட்சையில் எழுதுவது சுலபம். 'இல்லை' கட்டத்தில் பேனா வைத்தபடி உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆயிரம் ரூபாய் எவ்வளவு கனக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் குன்னூரில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தான். அவர் மூச்சை ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்தார், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி எடுத்தார். இரண்டாவது தடவை குறைந்துவிட்டது. "தம்பி, நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னது மலைக்காரனுக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்குமே, பார்த்திருக்கிறாயா? உள்ளே இருக்கிற காற்று கால் பங்கு விரிவதால் அப்படி. கடலில் 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காகும். நல்ல நுரையீரல் என்றால் மூச்சு விட்டுக்கொண்டே வந்தால் போதும், வெளியேறிவிடும். குழாய் சுருங்கின நுரையீரலில் அது மாட்டிக்கொண்டால்? பாக்கெட் கிழிகிற மாதிரிதான். மேலே லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தபடி கண்ணாடி வழியாகப் பார், அதற்குத் தடை இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் யாரும் அதிகம் பேசவில்லை. போகாமல் விட்டுவிடலாம் என்றான் ஹட்டிக்காரன். எஸ்டேட் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. ஷீட்டில் தன் பெயருக்கு நேரே 'ஸ்கூபா' என்பதை அழித்து 'ஸ்நார்கெல்' என்று அடித்தான். மொத்தத்தில் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சமானது.

அவன் கண்டுபிடித்த இன்னொரு விஷயம்தான் மற்ற இருவரையும் காப்பாற்றியது. இது நீலகிரிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. டைவிங் முடிந்ததும் விமானம் ஏறக்கூடாது. ஒரு தடவை மட்டும் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்ததும் சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழியாகும் ஆபத்து. இவர்கள் பஸ்ஸில்தானே வருகிறார்கள் என்று விடலாமா? விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். ஊட்டி ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். வீட்டுக்குப் போவதே விமானம் ஏறுவதற்குச் சமம்!

முதலில் போட்ட திட்டம், மங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மடிக்கேரி, மைசூர் வழியாக ஊட்டி. அந்தப் பாதையில் பத்து மணி நேரத்துக்குள் மலை ஏறியாக வேண்டும். அதை மாற்றினான். மங்களூரிலிருந்து கடலோரமாகவே கோழிக்கோடு, ஷொரணூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கு ரயில். வழி முழுவதும் தாழ்வான தரை. கோவை போய்ச் சேரும்போது 18 மணி நேரம் ஆகியிருக்கும்.

டிசம்பரில் போனார்கள். படகில் ஹட்டிக்காரன் இரண்டு முறை வாந்தி எடுத்தான், இறங்கினதும் சரியாகிவிட்டான். இருபது நிமிஷம், எட்டு மீட்டர். எஸ்டேட் பையன் ஆரஞ்சு ஜாக்கெட்டில் மேலே மிதந்தான். தண்ணீர் அவ்வளவு தெளிவு, கீழே இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சு குமிழி குமிழியாக, சின்னதாகக் கிளம்பி வர வரப் பெரிதாகி, அவன் கண்ணாடியில் வந்து முட்டி உடைந்தது.

மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் இட்லி தின்றுவிட்டு பஸ் ஏறினார்கள். காய்கறிக் கடைக்காரன் நிறுத்தாமல் கிளிமீன் கதை சொல்லிக்கொண்டு வந்தான். பர்லியாறில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்தது. எஸ்டேட் பையன் போனை எடுத்து ஷீட்டைத் திறந்தான். ஆளுக்கு ஆன செலவு, இரண்டு பேருக்கு 11,640. தனக்கு 8,300. கீழே ஒரு புது வரி சேர்த்தான்: 'கோவை, நீச்சல் வகுப்பு, ஏப்ரல்.' தொகை எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டான்.