படத்தின் பின்பக்கம்

போன வாரம் லீவுக்கு நாக்பூர் வந்திருந்த மூத்த பெண், லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அப்பா, இந்தப் படத்துக்கு வீடே கிடையாது" என்றாள். அவள் பரோடாவில் கலை வரலாறு படிக்கிறாள். நான் வெறும் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி ஒன்றும் தெரியாது :-)

கறுப்பு வெள்ளை போட்டோ. குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதா. பெர்னார்ட் பெரென்சன் (1865-1959) என்ற நிபுணர், இத்தாலிய மறுமலர்ச்சி கால ஓவியங்களின் போட்டோக்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாராம். ஃப்ளாரன்ஸ் பக்கத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம். அங்கே சுமார் 17,000 போட்டோக்கள் 'வீடற்ற ஓவியங்கள்' என்று தனியாக இருக்கின்றன. போட்டோ இருக்கிறது, ஓவியம் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"ஒரிஜினல் இல்லாம ஜெராக்ஸை வச்சு என்ன பண்றது?" என்றேன். பேங்க் புத்தி!

"சில சமயம் ஜெராக்ஸ்தாம்ப்பா மிச்சம்" என்றாள். 1945 மே மாதம் பெர்லினில், பாதுகாப்புக்காக ஓவியங்களை வைத்திருந்த கோபுரம் தீப்பிடித்து, 400க்கு மேல் ஓவியங்கள் போய்விட்டன. காரவாஜியோ 1602இல் ரோம் நகரத் தேவாலயம் ஒன்றுக்காக வரைந்த புனித மத்தேயு படமும் அதில் ஒன்று. இன்று அதைப் பற்றி ஆராய்கிறவர்களுக்குக் கறுப்பு வெள்ளை போட்டோதான் கதி. என்ன நிறம் என்று பார்க்கவே வழியில்லை.

அடுத்து அவள் காட்டியதுதான் என்னை உலுக்கியது. போட்டோவின் பின்பக்கம். பென்சில் குறிப்புகள். யார் வரைந்திருக்கலாம், எங்கே பார்த்தது, யார் கையில் இருந்தது. வீட்டுக் கடனுக்கு நாங்கள் வில்லங்கம் பார்ப்பது போல, இதை வைத்துத்தான் ஓவியம் கைமாறிய வழியைத் தேடுகிறார்கள். அதனால் ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் விடுவதில்லை.

நான் விட்டுவிட்டேன். 2011இல் கல்கத்தாவிலிருந்து மாற்றல். சாமான் அதிகம் என்று, அப்பாவின் ஆல்பங்களை ஸ்கேன் செய்து சிடியில் போட்டுவிட்டு, ஒரிஜினலைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு. ஒரு வருஷம் கழித்து, அப்பா பக்கத்தில் நிற்பது யார் என்று அம்மாவிடம் கேட்டேன். "பின்னாடி அப்பா எழுதியிருப்பாரே, திருப்பிப் பாருடா" என்றாள். திருப்ப என்ன இருக்கிறது? அப்பாவும் இல்லை.

மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகும் நம் எல்லோருக்கும் சொல்கிறேன். ஸ்கேன் பண்ணுங்கள், ஆனால் திருப்பிப் போட்டும் பண்ணுங்கள். ஒரிஜினலை மட்டும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது பெண் தினமும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெயர் எழுதுகிறாள். நேற்று ஒன்பது பேரை அம்மா அடையாளம் சொன்னாள். பத்தாவது படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தெரியலையேடி" என்றாள்.

அதைத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறோம்.