இல்லாத விரலுக்கு ஓர் இடம்

கம்பியில்லா மௌஸ் ஒன்றை வாங்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படும் என்று யாரேனும் முன்னரே கூறியிருந்தால் நான் நகைத்திருப்பேன். தமிழில் அதனைச் சுட்டி என்கிறோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். விலையும் சில நூறு ரூபாய்தான். கத்தரிக்காய் பொறுக்கி எடுப்பதில் காட்டும் கவனத்தில் பாதிகூட அதற்கு வேண்டியதில்லை என்றே எண்ணியிருந்தேன். என் தந்தையாரோடு கடைக்குச் சென்ற அன்று அந்த எண்ணம் மாறிற்று.

அப்பாவுக்கு இப்போது 72 வயது. திருமுல்லைவாயிலில் எங்களோடு இருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 38 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். தகட்டை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் பிரஸ் டூல்களைச் செய்வதே அவர் தொழில். தகட்டின் கனத்தைச் சொன்னால் போதும். பஞ்சுக்கும் டைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதைத் தாளும் எழுதுகோலும் இன்றியே சொல்லிவிடுவார். இடைவெளி குறைந்தால் கருவி விரைவில் தேயும். மிகுந்தால் வெட்டிய ஓரத்தில் பிசிறு எழும். அந்த மயிரிழைக்குள்தான் அவர் வாழ்நாள் கழிந்தது.

1989ஆம் ஆண்டில் ஒரு நாள், தாம் செய்த டை ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் பவர் பிரஸ்ஸில் ஏற்றினார். ஒருமுறை இறங்கி நிற்கவேண்டிய பிரஸ், இரண்டாம் முறையும் இறங்கிற்று. வலக்கையின் ஆள்காட்டி விரல் முழுவதும், நடுவிரலின் மேற்பாதியும் போயின. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேலி இருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 21ஆம் பிரிவில் கூறியது. அந்தப் பிரஸ்ஸுக்கும் காப்பு இருந்தது. வேலை தாமதமாகிறது என்று அதனைக் கழற்றிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையோடு அப்பா வீடு வந்த அந்த இரவில், அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டியதும், அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டே உண்டதும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அவருக்குக் கணினி எதற்கு என்று கேட்கலாம். அவருடைய பழைய நண்பர் ஒருவர் தொழிற்பேட்டையில் சிறு பிரஸ் பட்டறை நடத்துகிறார். அங்கே இப்போது வேலை செய்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். “தமிழில் எழுதி ஒட்டினால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, இந்தியில் எழுத எனக்குத் தெரியாது. நீ படமாக வரைந்து கொடு” என்று அந்த நண்பர் கேட்டிருந்தார். எந்த நிலையில் கை எங்கே இருக்கவேண்டும், எங்கே இருக்கக்கூடாது என்பதைக் காட்டும் படங்கள் அவருக்குத் தேவைப்பட்டன.

வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. ஆவடிக்கு அப்பால் திருவள்ளூரை ஒட்டியுள்ள காக்களூரில், 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டதே, மாணவர்களுக்கான அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். அத்திட்டத்தின் கீழ் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றது அது. அவள் இப்போது வேறொன்று வைத்திருக்கிறாள். பழையதில் லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருளை ஏற்றித் தாத்தாவிடம் கொடுத்தாள். அதுவும் விலையில்லாததே.

தடை ஒன்றுதான். மடிக்கணினியில் விசைகளுக்குக் கீழே இருக்கும் தொடுபலகை, முழுமையான விரல்களை எதிர்பார்க்கிறது. இரண்டு விரல்களைச் சேர்த்து நகர்த்தினால் படம் நகரும், விரித்தால் பெரிதாகும். அப்பாவின் வலக்கையில் அதற்கு உரிய இரண்டு விரல்களும் இல்லை. மற்றவையோ, இரும்பிலும் எண்ணெயிலும் காய்த்துப் போனவை. அவை தொட்டதைப் பலகை பல வேளைகளில் உணர்வதேயில்லை. அப்பா குறை ஏதும் சொல்லவில்லை. கணினியை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய் அமர்ந்துகொண்டார். அதைக் கண்ட பின்னரே சுட்டி வாங்கும் எண்ணம் எனக்கு வந்தது.

கம்பியுள்ளது மலிவு. ஆனால் கம்பி மேசை ஓரத்தில் சிக்கி இழுக்கும். ஐந்து விரல் உள்ள கைக்கு அது பொருட்டில்லை. பிடிமானம் குறைந்த கையோ அந்த இழுப்பை ஒவ்வொரு முறையும் உணரும். ஆகவே கம்பியில்லாதது என்று முடிவு செய்தேன். அது இடக்கைச் சுட்டியாக இருக்கவேண்டும் என்பதையும் நானே முடிவு செய்துவிட்டேன்.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சிறு கடை. “இடக்கைக்கான மௌஸ் இருக்கிறதா?” என்று கேட்டேன். கடையிலிருந்த இளைஞர் பொறுமையானவர். “இடக்கைக்கென்றே வளைத்துச் செய்தது அரிதாகத்தான் வரும் அக்கா, சொல்லிவைத்து வரவழைக்கவேண்டும். இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதை எந்தக் கையிலும் வைத்துக்கொள்ளலாம். கணினியின் அமைப்பில் இடப் பொத்தானையும் வலப் பொத்தானையும் மாற்றிக்கொண்டால் போதும்” என்றார். பிறகு வகைகளை விளக்கினார். ஒருவகைக்கு, நகத்தளவே உள்ள சிறு ரிசீவர் ஒன்றைக் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகவேண்டும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் வானலையில் இரண்டும் பேசிக்கொள்ளும். மற்றது புளூடூத் வகை. அதற்குத் துளை தேவையில்லை, ஆனால் கணினியில் அந்த வசதி ஒழுங்காக இயங்கவேண்டும். எங்களுடைய பழைய கணினிக்கு முதல் வகையே பாதுகாப்பு என்றார். சிலவற்றில் மின்கலத்தை மாற்றவேண்டும். சிலவற்றைச் செல்பேசியைப் போலச் சார்ஜ் செய்யவேண்டும். டிபிஐ என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம், வரைபட வேலைக்கு 1000 அல்லது 1600 தாராளம் என்றும் சொன்னார்.

நான் இருபுறமும் ஒத்த ஒன்றை எடுத்துப் பணம் கொடுக்கப் போனேன். “இரும்மா” என்றார் அப்பா.

“தம்பி, நாலைந்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பா.”

கண்ணாடி மேடையின்மேல் ஐந்து சுட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. அப்பா கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றின்மேலும் தம் வலக்கையை வைத்துப் பார்த்தார். வெர்னியர் அளவியைக் கையில் எடுக்கும்போது அவர் முகத்தில் வரும் அதே அமைதி. முதலில் விலை உயர்ந்த ஒன்று. கையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கியது போன்ற வடிவம். கட்டைவிரலுக்கு ஒரு குழிவு, ஆள்காட்டி விரலுக்கு ஒரு பள்ளம். இதுதான் கைக்கு மிகவும் இதமானது என்றார் இளைஞர். அப்பா அதனைச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“நன்றாகச் செய்திருக்கிறான் தம்பி. ஆனால் இது இல்லாத விரலுக்கு இடம் வைத்திருக்கிறது.”

வருத்தத்தோடு சொல்லவில்லை. அளவு பொருந்தாத ஓர் உதிரிப்பாகத்தைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார். கடை இளைஞர் அப்போதுதான் அந்தக் கையை உற்றுப் பார்த்தார். அதன்பின் அவர் எதையும் பரிந்துரைக்கவில்லை. கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

அப்பா தேடியவை நான் எண்ணாதவை. மேற்புறம் அதிகம் சரியாமல் தட்டையாக இருக்கவேண்டும்; அப்போதுதான் குறைபட்ட நடுவிரல் இடப் பொத்தானை எட்டும், மோதிரவிரல் வலப் பொத்தானில் நிற்கும். நடுவே உள்ள உருளை எளிதாக அமுங்கவேண்டும். அதனை அமுக்கிப் பிடித்தபடி நகர்த்தினால்தான் வரைபடம் நகரும், உருட்டினால்தான் பெரிதும் சிறிதும் ஆகும். எடை குறைவாக இருக்கவேண்டும். ஆகவே இரண்டு மின்கலம் இடுவது வேண்டாம், ஒன்று இடுவது போதும். சார்ஜ் செய்யும் வகை வேண்டாம். ஐந்து ஆண்டு கழித்து உள்ளிருக்கும் மின்கலம் செத்தால் கருவியே குப்பைக்குப் போகும், பெட்டிக்கடையில் கிடைக்கும் மின்கலமே நல்லது என்றார். அடியில் ரிசீவரைச் செருகி வைக்கும் இடம் இருக்கிறதா என்றும் பார்த்தார். இறுதியில் அவர் தேர்ந்தெடுத்தது, வரிசையிலேயே விலை குறைந்ததற்கு அடுத்தது.

“இடக்கையில் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேனப்பா” என்றேன்.

“நீ நினைத்தாய். என்னைக் கேட்கவில்லையே அம்மா” என்று சிரித்தார். “இந்தக் கையைத்தானே நான் வேலைக்குப் பழக்கி வைத்திருக்கிறேன்.”

உண்மைதான். கட்டுப் பிரித்த மறு மாதத்திலிருந்து, எஞ்சிய விரல்களில் அரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் வேலை பார்த்த கை அது. என் கண்ணுக்கு மட்டும் அது 1989லேயே நின்றுவிட்டது.

சுட்டியின் வரலாற்றை அன்றிரவு படித்தேன். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்பவர் அதனைக் கருதியெடுக்க, அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ் 1964ஆம் ஆண்டில் முதல் சுட்டியைச் செய்தார். மரத்தாலான சிறு பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டதும் அதே 1964இல்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பர்ட் அதனை முதன்முதலாக மக்கள்முன் இயக்கிக் காட்டினார். அன்று அவர் வலக்கையில் சுட்டி இருந்தது. இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட வேறொரு சிறு கருவி இருந்தது. இரு கைகளுக்கும் வேலை கொடுத்திருந்தார். பின்னாளில் இடக்கைக் கருவியை உலகம் மறந்தது. சுட்டி மட்டும் வீடுதோறும் வந்தது.

அந்தச் சுட்டியும் எல்லாருக்கும் தேவை என்று சொல்வதற்கில்லை. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வையற்றவர்கள் கணினியை விசைப்பலகையாலேயே இயக்குகிறார்கள். திரையில் உள்ளதை மென்பொருள் வாய்விட்டுப் படித்துக்காட்டுகிறது. அத்தகைய மென்பொருள்களில் ஒன்றான என்விடிஏவை 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கியவரும் பார்வையற்ற ஓர் இளைஞரே. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். தமக்கு எது பொருந்தும் என்பதை அவரிடம் வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் மேசைமேல் கண்ணாடி விரித்து, அதனடியில் குடும்பப் படங்களை வைத்திருக்கிறோம். சுட்டியை அதன்மேல் நகர்த்தினால் திரையிலுள்ள அம்பு துள்ளிற்று. சில வேளை அசையாமல் நின்றது. சுட்டியின் அடியில் ஒரு விளக்கும் மிகச் சிறிய ஒளிப்படக் கருவியும் இருக்கின்றன. அது தரையை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம்பிடித்து, ஒரு படத்தோடு அடுத்ததை ஒப்பிட்டு, எத்திசையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று அறிகிறது. சொரசொரப்பு இல்லாத கண்ணாடியில் அதற்குப் பற்றிக்கொள்ள அடையாளம் ஏதும் கிடைப்பதில்லை. மகள் இதனை விளக்கியதும் அப்பா எழுந்து போய், பழைய நாள்காட்டியின் அட்டையைக் கொண்டுவந்து விரித்தார். அம்பு அடங்கிற்று. “வழவழப்பாக இருந்தால் எந்தக் கருவிக்கும் பிடிப்பு இருக்காது” என்றார். ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் பென்டிரைவைச் செருகியபோது மீண்டும் தயங்கியது. யுஎஸ்பி 3.0 வகைக் கருவிகள் இயங்கும்போது எழும் இரைச்சல் அதே வானலையில் குறுக்கிடுவதுண்டாம். ரிசீவரைக் கணினியின் மறுபக்கத்துக்கு மாற்றினோம்; சரியாயிற்று.

மூன்று வாரங்களில் அப்பா ஆறு படங்களை முடித்தார். காப்பு வேலி எப்படி இருக்கவேண்டும், சிக்கிய தகட்டை விரலால் எடுக்காமல் இடுக்கியால் எப்படி எடுக்கவேண்டும் என்பவை முதல் ஐந்து. ஆறாவது, இரு கைப் பொத்தான்களைப் பற்றியது. இப்போதைய பிரஸ்களில், தள்ளித் தள்ளி அமைத்த இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். பொத்தானில் இருக்கும் கை டையினடியில் இருக்க முடியாதல்லவா? அந்த எளிய ஏற்பாடு 1989இல் அவர் நின்ற பிரஸ்ஸில் இல்லை. எல்லாவற்றையும் முடிவு செய்தவர்கள், அங்கே கை வைக்கப் போகிறவரைக் கேட்கவில்லை. கடைக்குப் போன அன்று, அன்பின் பெயரால் நானும் ஏறக்குறைய அதையே செய்யவிருந்தேன் என்பது என்னை உறுத்துகிறது.

ஆறாம் படத்துக்காக அவர் தம் பேத்தியின் இரு கைகளையும் தாளின்மேல் விரித்து வைக்கச் சொல்லி, அளவுகோலால் அளந்துகொண்டார். பின் அட்டைமேல் சுட்டியை மெல்ல நகர்த்தி, வளைகோடு வளைகோடாக அக்கைகளை வரைந்தார். நண்பரின் பட்டறைச் சுவரில் அந்தப் படம் இப்போது தொங்குகிறது. சென்ற வாரம் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அதன்கீழே நின்று, தம் இரு கைகளையும் பொத்தான்களில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய கைகளிலும், மேலே படத்திலிருந்த கைகளிலும் பத்து விரல்களும் இருந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.