அலுமினியத்துக்கும் கறள் பிடிக்கும்

"அலுமினியம் எல்லோ அண்ணை, கறளே பிடியாது" என்று சொல்லித்தான் எங்கடை ஆட்கள் இங்கே சைக்கிள் வாங்குகிறார்கள். கடைக்காரரும் அப்படித்தான் சொல்லி விற்கிறார். அது பாதி உண்மை. இரும்பில் வருகிற சிவப்புக் கறள் அலுமினியத்தில் வராதுதான். ஆனால் வெள்ளைக் கறள் ஒன்று இருக்கிறது. அது என்ன செய்யும், அது வந்தால் கடைக்காரரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சைக்கிள் ஓடாதவர்களும் வாசிக்கலாம். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கும் இதே சட்டம்தான்.

நான் இருப்பது ஜேர்மனியில் முன்ஸ்ரர் நகரத்தில். இது சைக்கிள்காரர்களின் ஊர். சைக்கிளுக்கு 'லேட்சே' என்று தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1999 இல் திறந்த சைக்கிள் தரிப்பிடத்தில் மட்டும் 3,300 சைக்கிள் விடலாம். பழைய நகரத்தைச் சுற்றி நாலரைக் கிலோமீற்றருக்கு மரங்களுக்குக் கீழே ஒரு பாதை போகிறது, அதில் கார் ஓடாது. எனக்கு உணவகச் சமையலறையில் வேலை. முடிய இரவு பன்னிரண்டரை ஆகும். பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் சைக்கிளில் வீட்டுக்கே போய்விடலாம். மழை, பனி, ஐஸ் எல்லாத்துக்கும் அதுதான் என் வாகனம்.

ஊரிலும் சைக்கிள்தான். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்மூட்டை, வருத்தக்காரர் எல்லாம் கரியரில்தான் போனது. அந்தச் சைக்கிள்கள் இரும்பு. கடற்காற்றுக்குக் கறள் பிடிக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். அப்பா சனிக்கிழமையில் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பார். பார் வெடித்தால் சந்தியில் ஒட்டுகிறவரிடம் கொண்டுபோனால் அரை மணித்தியாலத்தில் ஒட்டித் தருவார். அலுமினியச் சட்டத்தில் அந்த வேலை நடக்காது. சைக்கிளுக்குப் பாவிக்கிற 6061 என்ற கலப்பு உலோகத்தை ஒட்டினால், ஒட்டின இடம் பலம் இழந்துவிடும். அந்தப் பலம் திரும்பி வர முழுச் சட்டத்தையும் சூளையில் வைத்துச் சூடாக்கிப் பதப்படுத்த வேணும். மூலைக்கடையில் அது முடியாது. அதாவது அலுமினியச் சட்டம் பழுதானால் மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் உத்தரவாதம் என்ற விசயம் இவ்வளவு முக்கியமாகிறது.

சரி, வெள்ளைக் கறளுக்கு வருவம். நான் யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இரசாயனவியல் படித்தவன். 2006 இல் ஏ9 பாதை பூட்டியதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. மிச்சத்தைச் சமையலறைதான் படிப்பித்தது. தக்காளிச் சோஸ் ஊற்றின ஸ்ரீல் தட்டை அலுமினியத் தாளால் மூடி இரவு குளிரில் வைத்துவிட்டுக் காலமை பாருங்கள். தாள் சோஸில் முட்டின இடமெல்லாம் ஊசி குத்தினதுபோல ஓட்டை இருக்கும். எலி கடிக்கவில்லை. இரண்டு விதமான உலோகமும் நடுவில் உப்பும் புளிப்பும் சேர்ந்த ஈரமும் இருந்தால் அது ஒரு பற்றரி. அந்தப் பற்றரியில் ஸ்ரீல் தப்பிவிடும், அலுமினியம் கரையும். உயர்தரத்தில் மின்னிரசாயனத் தொடர் என்று பாடமாக்கினோமே, அதுதான் இது.

அலுமினியம் தன்னைத் தானே காக்கிற உலோகம். காற்றுப் பட்டவுடன் மேலே ஒரு ஒட்சைட்டுப் படை வந்துவிடும். தடிப்பு சில நனோமீற்றர்தான். அந்தப் படைதான் மிச்சத்தை மூடிக் காக்கிறது. இரும்பின் கறள் உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும், இது அப்படி இல்லை. ஆனால் இந்தப் படைக்கு ஒரு எதிரி உப்பு. மாரியில் றோட்டில் கொட்டுகிற உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படையில் அங்கங்கே துளைபோடும். துளை மேலே சின்னன், உள்ளே ஆழம்.

சைக்கிளில் இது தொடங்குகிற இடங்கள் தெரிந்தவைதான். தண்ணிப் போத்தல் கூட்டைப் பூட்டுகிற ஸ்ரீல் ஆணி, சீற் கம்பி உள்ளே இறங்குகிற குழாய், பெடல் அச்சு இருக்கிற அடிப்பகுதி, கரியர் ஆணிகள், பெயின்ற் உரஞ்சுப்பட்ட இடங்கள். முதலில் பெயின்ற் கொப்பளிக்கும். சில நேரம் பெயின்ற்றுக்குக் கீழே புழு ஊர்ந்ததுபோலக் கோடு ஓடும். கிளறினால் உள்ளே வெள்ளை மா. சீற் கம்பிக்குள் வந்தால் அந்த மா ஊதிக் கம்பியை இறுக்கிப் பிடித்துவிடும், பிறகு சீற்றை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

வடிவு கெடுகிறது மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டன். இரும்புக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் தரம் குலுக்கினாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறும். கறள் போட்ட துளை வெடிப்புத் தொடங்குகிற இடமாகிவிடும். இரவு ஒரு மணிக்கு ஈரமான இறக்கத்தில் முன்சட்டம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டுக்குப் பக்கத்தில் மயிர்போல ஒரு கோடு தெரிந்தால் அதன் பிறகு அந்தச் சைக்கிளில் ஏறக்கூடாது.

என் சைக்கிளை 2022 நவம்பரில் புதிதாக வாங்கினேன். 900 யூரோ. சமையலறைச் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. 2023 செப்ரெம்பரில், பத்தாவது மாதம், போத்தல் ஆணியைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்திருந்தது. அடிப்பகுதியிலும் அப்படியே. படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மாரியில் ஓடியிருக்கிறீர், உப்புப் பட்டிருக்கிறது, அது உம்முடைய பாவனை. வேண்டுமென்றால் கொம்பனிக்கு எழுதும்" என்றார். கொம்பனியின் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சட்டம் முறிந்தால் பத்து வருடம் பொறுப்பாம். பெயின்ற்றும் கறளும் அதில் அடங்காதாம்.

எங்கடை ஆட்களில் கனபேர் இந்த இடத்தில்தான் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். திரும்பத் தேவையில்லை. இங்கே இரண்டு விசயம் இருக்கிறது, இரண்டையும் கடைக்காரர்கள் ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள். ஒன்று 'கரன்ரி'. அது கொம்பனி தானாக விரும்பித் தருவது. என்ன அடங்கும், என்ன அடங்காது என்று அவர்களே எழுதிக்கொள்ளலாம். மற்றது 'கெவேர்லைஸ்ரூங்'. அது சட்டம் தருவது. அதற்குப் பொறுப்பு கொம்பனி இல்லை, உங்களுக்கு விற்ற கடை. புதுப் பொருளுக்கு இரண்டு வருடம். கொம்பனிப் புத்தகத்தில் கறள் அடங்காது என்று எழுதியிருந்தால் இந்த இரண்டாவதை அது தொடவே தொடாது.

இன்னொரு விசயம், இதுதான் முக்கியம். பொருள் கைக்கு வந்து முதல் 12 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அந்தக் குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. 2022 ஜனவரிக்கு முதல் இது 6 மாதமாக இருந்தது. 12 மாதம் தாண்டினால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்.

நான் கடிதம் எழுதினேன். எழுதி முடித்து நுகர்வோர் ஆலோசனை நிலையத்தில் காட்டினேன். அங்கேயிருந்த பெண்மணி கோபமாக இருந்த இரண்டு வரியை வெட்டச் சொன்னார், 14 நாள் தவணை போட்டுத் திகதியையும் குறிக்கச் சொன்னார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். வாங்கின திகதி, குறையைக் கண்ட திகதி, படங்கள், சட்ட இலக்கம். பிறகு ஒரு நியாயம்: இது மட்காட்டும் லைற்றும் கரியரும் பூட்டி நகரத்தில் ஓடுவதற்கென்று முன்ஸ்ரரில் விற்ற சைக்கிள். முன்ஸ்ரரில் மழையும் வரும், மாரியும் வரும், உப்பும் கொட்டுவார்கள். அதில் ஓடுவது சாதாரணப் பாவனை, பிழையான பாவனை இல்லை. கடைசியில், திருத்தித் தாருங்கள் அல்லது மாற்றித் தாருங்கள், இரண்டில் நான் கேட்பது மாற்றுவது. அந்தத் தெரிவு வாங்கினவருடையது. கூலி, பொருள், போக்குவரத்துச் செலவெல்லாம் விற்றவருடையது.

ஐந்து கிழமையில் புதுச் சட்டம் வந்தது. பழைய சில்லு, செயின், ஹாண்டில் எல்லாம் மாற்றிப் பூட்டித் தந்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி நடக்காது என்பதையும் சொல்ல வேணும். எங்கள் சமையலறையில் வேலை செய்கிற தம்பி ஒருவர் விளம்பரம் பார்த்துத் தனியாள் ஒருவரிடம் பழைய சைக்கிள் வாங்கினார். தனியார் விற்பனை, பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சீற் கம்பி இறுகிப்போய்க் கிடக்கிறது. அவருக்குக் கேட்க ஆளில்லை. இன்னொரு அண்ணை கடையில் புதிதாகத்தான் வாங்கினவர், முதல் மாரியிலேயே கொப்பளம் கண்டவர். "ஏன் சோலி, பாப்பம்" என்று விட்டு மூன்றாம் வருடம் போய்க் கேட்டார். கடைக்காரர் சிரித்து அனுப்பினார்.

அந்த அண்ணையில் எனக்குக் கோபமில்லை. அகதியாய் வந்தவனுக்குக் கடிதம் என்றாலே வயிற்றைக் கலக்கும். மஞ்சள் உறையில் வருகிற கடிதம் விசா விசயம், வழக்கு விசயம். வருடக்கணக்காக நாங்கள் கடிதம் வாங்கித்தான் பழகினோம். அனுப்பினதெல்லாம் தயவுசெய்து என்று தொடங்குகிற விண்ணப்பங்கள். கடைக்காரரோடு கதைக்கும்போதும் அதே குரல்தான் வருகிறது, கடனுக்குச் சாமான் கேட்கிற மாதிரி. நாங்கள் முழுக் காசும் கொடுத்துத்தான் வாங்கினோம் என்பது மறந்துபோகிறது. இந்த நாட்டில் நான் அனுப்பின கடிதங்களில் 'கேட்டுக்கொள்கிறேன்' என்று இல்லாமல் 'எதிர்பார்க்கிறேன்' என்று எழுதினது இதுதான் முதல் தரம். அதற்கு வதிவிட உரிமையும் தேவையில்லை, குடியுரிமையும் தேவையில்லை. பற்றுச்சீட்டு இருந்தால் போதும்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு: பிரான்சில் புதுப் பொருளுக்கு இரண்டு வருடம் முழுக்க நிரூபிக்கிற பாரம் விற்றவருடையது. நோர்வேயில் நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருளென்றால் 5 வருடம் வரை கேட்கலாம். இங்கிலாந்தில் 6 வருடம் வரை வழக்குப் போடலாம், ஆனால் முதல் 6 மாதத்துக்குப் பிறகு நிரூபிப்பது நீங்கள்.

இனிக் கொஞ்சம் கைவேலை. மாரியில் கிழமைக்கு ஒருக்கா வாளித் தண்ணியால் உப்பைக் கழுவுங்கள். அமுக்கத் தண்ணி அடிக்க வேண்டாம், அது கிறீஸைத் தள்ளிவிடும். உப்புத் தண்ணியோடு சூடான நிலவறையில் விட வேண்டாம், சூட்டில் அரிப்புக் கூடும். துடைத்துவிட்டு விடுங்கள். சீற் கம்பியை வருடத்தில் இரண்டு தரம் கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். ஆணிகளுக்கும் அப்படியே. கொப்பளம் கண்டால் உரஞ்சிப் பெயின்ற் அடிக்க வேண்டாம், அதுதான் உங்கள் சாட்சி. முதலில் படம், சட்ட இலக்கம், திகதி, பிறகு கடைக்கு எழுத்தில் அறிவித்தல். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

பற்றுச்சீட்டையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இப்ப கடைகளில் தருகிற சூட்டுத்தாள் ஒரு வருடத்தில் வெளிறிவிடும், அதில் திகதிதான் முதலில் தேவை. இன்றைக்கு வேலை முடிந்து போகும்போது ஒருக்காக் குனிந்து போத்தல் ஆணியடியைப் பாருங்கள். வாங்கி எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். 12க்குள் என்றால் இன்றைக்கே எழுதுங்கள்.