ஐயாவின் குரலும் பதினொரு சோடிப் பெட்டிகளும்

(பழைய மாணவன் ஒருவன்)

நம் கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது யான் பெரிதும் தயங்கினேன். என்னோடு ஒரே வாங்கிலிருந்து கற்றோருள் மருத்துவரானோர் உளர், நீதிபதியானோர் உளர், மொழிக்கும் நாட்டுக்கும் தொண்டாற்றிப் புகழீட்டியோரும் உளர். அன்னாரெல்லாம் எழுதும் ஏட்டிலே, இங்கிலாந்து சென்று மின்பொறியியல் கற்று, தொழிற்சாலையொன்றில் முப்பதாண்டு உழைத்து இளைப்பாறிய யான் எழுதத்தக்கது யாது? மற்றெவரும் எழுதமாட்டாத பொருள் ஒன்று மட்டுமே என்னிடமுண்டு. அஃது என் பைத்தியம்.

இலண்டன் நகர்ப்புறத்திலுள்ள என் சிறு வீட்டிலே ஒருகாலத்திற் பதினொரு சோடிப் பழைய ஒலிபெருக்கிகள் இருந்தன. கோயில் வீதியில் மரத்திற் கட்டும் குழாய்களை எண்ணற்க. இசைத்தட்டும் ஒலிநாடாவுங் கேட்டற்கு வீட்டினுள்ளே வைக்கும் மரப்பெட்டிகளையே கூறுகின்றேன். அவற்றை ஏன் சேர்த்தேன், எங்ஙனம் ஒப்பிட்டேன், எவ்விடத்திற் பிழைவிட்டேன் என்பவற்றை ஈண்டு ஒளியாது உரைப்பேன்.

என் தந்தையார் கமஞ்செய்து எம்மை வளர்த்தவர். ஆயினும் ஊரவர் அவரை அறிந்தது புராணம் வாசிப்பவராகவே. கந்தபுராண படனத்தின்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுதல் யாழ்ப்பாணத்து வழக்கமன்றோ? எங்கள் கோயிலில் வாசிப்பவர் ஐயா. 1967 ஆம் ஆண்டில், மலாயாவில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்த என் அம்மான், தாம் கொண்டுவந்த ஒலிப்பதிவுக் கருவியை எங்கள் விறாந்தையில் வைத்து, ஐயாவின் வாசிப்பை இருபத்திரண்டு நிமிடம் பதிவுசெய்தார். 1970 இல் யான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அந்நாடா என் பெட்டியினுள் இருந்தது.

1974 இல் ஐயா சிவபதமடைந்தார். தந்தி வந்தது, சென்று கொள்ளிவைக்கப் பணமிருக்கவில்லை. அன்றிரவு நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய கருவியில் அந்நாடாவை ஓடவிட்டேன். சொற்கள் கேட்டன, ஐயா கேட்கவில்லை. தகரப் பேணியினுள் இருந்து யாரோ ஓதுவது போன்றிருந்தது. நாடாவிலே குரல் உண்டு, அதனை வெளிக்கொணரும் கருவியே குறையுடையது என எண்ணினேன். அன்று தொடங்கியது என் தேட்டம்.

ஒலிபெருக்கியின் தத்துவம் எளிது. காந்தத்தின் இடுக்கிலே ஒரு கம்பிச்சுருள் தொங்கும். சுருளிலே மின்னோட்டம் மாறுந்தோறும் அது முன்னும் பின்னும் அசையும். அதனோடு ஒட்டிய கடதாசிக் கூம்பு காற்றைத் தள்ளும். 1925 இல் அமெரிக்காவில் றைஸ், கெலோக் என்னும் இருவர் வெளியிட்ட இம்முறையே இன்றும் பெரும்பாலும் வழங்குகின்றது. ஆயினும் தத்துவம் எளிதாயிருக்க, செயல் கடிதாயிற்று. தாழ்ந்த சுரத்துக்குப் பெரிய கூம்பு வேண்டும். உயர்ந்த சுரத்துக்குச் சிறியதும் இலேசானதும் வேண்டும். இவற்றுக்கு மேலாக, பெட்டியின் பலகைகளும் தாமே அதிர்ந்து தம் குரலையும் சேர்த்துப் பாடிவிடும். நம் பௌதிக ஆய்வுகூடத்திலே சுரமானிப் பெட்டி பரிவுற்று முழங்கியதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இவ்விடர்களை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாய்த் தீர்க்க முயன்றனர். அம்முயற்சிகளின் வேறுபாடே சேகரிப்பவனை மயக்குவது.

யோக்சயரில் 1932 இல் வோர்ஃப்டேல் தாபனத்தைத் தொடங்கிய கில்பேட் பிறிக்ஸ், இரு பலகைகளுக்கிடையில் உலர்ந்த மணலை நிரப்பி அதிர்வை அடக்கினார். அவரே 1954 இல் இலண்டன் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்திற் சபை கூட்டி, மேடையில் இசைவாணர் வாசிப்பதையும் ஒலிபெருக்கி தருவதையும் மாறிமாறிக் கேட்கச் செய்தவர். 1947 இல் வெளிவந்த ரன்னோய் இரட்டை ஒலிபெருக்கியில், பெருங்கூம்பின் நடுவூடாகவே உயர்சுரங்கள் புறப்படும். ஆகவே ஒலியனைத்தும் ஓரிடத்தினின்று பிறப்பதுபோற் கேட்கும். அமெரிக்காவில் எட்கார் வில்சர் என்பார் 1954 இல், காற்றுப்புகாது அடைத்த சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாக்கி, சிறு பெட்டியிலிருந்து ஆழ்ந்த தாழ்சுரத்தைப் பெற்றார். அவ்வழியில் 1958 இல் வந்ததே ஏ. ஆர். 3.

இவை யாவற்றினும் விந்தையானது, பீற்றர் வோக்கர் ஹன்ரிங்டன் நகரில் உருவாக்கி 1957 முதல் விற்ற குவாட் ஒலிபெருக்கி. அதற்குப் பெட்டியுமில்லை, கூம்புமில்லை. ஆயிரக்கணக்கான வோற்று மின்னழுத்தம் ஏற்றப்பெற்ற மெல்லிய தாளொன்று, துளையிட்ட இரு தகடுகளுக்கிடையில் நின்று அசையும். பார்வைக்கு அறையைச் சூடேற்றுங் கருவி போன்றிருக்கும். கடைசியாக யான் தேடிப் பெற்றது பி. பி. சி. பொறியியலாளர் 1970 களிலே வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் ஒடுங்கிய இடத்துக்கென அமைத்த எல். எஸ். 3/5ஏ. அதன் உயரம் ஓரடியளவே.

பழையனவற்றைச் சோடி சேர்ப்பது கலியாணப் பொருத்தம் பார்ப்பதிலும் கடிது. அலன் புளும்லைன் 1931 இலேயே இருதட ஒலிக்கு உரிமைப்பத்திரம் கோரினாராயினும், இருதட இசைத்தட்டுக்கள் இங்கிலாந்துச் சந்தைக்கு வந்தது 1958 இலேதான். அதற்கு முன் மக்கள் ஒற்றைப் பெட்டியே வாங்கினர். ஆதலின் ஒன்று ஒரு முதியவரின் நிலவறையிலும், அதன் துணை இருநூறு மைலுக்கப்பால் ஓர் ஏலக்கடையிலும் கிடக்கும். கிடைத்தவற்றுள்ளும் முதுமை புகுந்திருக்கும். கொள்ளளவிகள் உலர்ந்து தம் அளவு மாறும். கூம்பின் விளிம்பிலுள்ள நுரைப்பஞ்சு தொட்டவுடன் உதிரும். வாரவிடுமுறைகள் இவற்றைச் செப்பனிடுவதிற் கழிந்தன. என் இல்லாள் ஒருநாள், "பிள்ளையளுக்கு இருக்கக் கதிரையில்லை, பெட்டியளுக்கு மாத்திரம் வீட்டில இடமிருக்குது" என்றார். மறுமொழி கூற என்னிடம் நியாயமொன்றும் இருக்கவில்லை.

ஒவ்வொன்று வந்தபோதும் முதலிற் கேட்டது ஐயாவின் நாடாவையே. ஒற்றைத் தடப் பதிவாதலின் சோடியில் ஒன்றை மட்டும் இயக்குவேன். ரன்னோயில் ஐயா நெஞ்சு நிமிர்ந்து நின்றார், குவாட்டில் எதுகை மோனைகள் தெளிந்து விழுந்தன, ஏ. ஆர். 3 இல் கோயில் மண்டபத்தின் கார்வை எழுந்தது. ஒவ்வொரு முறையும், "இதோ கிடைத்துவிட்டது" என்பேன். மூன்று மாதத்தில் ஐயம் பிறக்கும். அடுத்த பெட்டியைத் தேடுவேன்.

பொறியியல் கற்றவன் செய்யத்தகாத பிழையை யான் செய்துகொண்டிருந்தேன். விரியலாக்கியின் குமிழை ஓரிடத்தில் நிறுத்தி, பெட்டிகளை மட்டும் மாற்றினேன். ஒரேயளவு மின்வலுவுக்கு ஒரு பெட்டி உரத்தும் மற்றொன்று மெலிந்தும் ஒலிக்கும். செவியோ சிறிதளவு உரத்ததை, அது உரத்ததென்று உணராமலே, சிறந்ததென்று கொண்டுவிடும். ஒரு தெசிபெல் வேறுபாடே இம்மயக்கத்துக்குப் போதியது. கண்ணும் பொய்சொல்லும். பெயர்பெற்ற பெட்டியைக் கண்டு கேட்போர் அதற்குக் கூடிய புள்ளி வழங்குவதையும், திரையிட்டு மறைத்தபின் அப்புள்ளிகள் மாறுவதையும் புளொயிட் ரூல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் 1994 இற் காட்டினர்.

அதனை வாசித்தபின் யானும் ஒரு பரீட்சைக்கு அமர்ந்தேன். நான்கு பெட்டிகளை மெல்லிய துணித்திரைக்குப் பின்னே வைத்து, ஒலிமட்டங் காணுங் கருவியால் அவற்றைச் சமப்படுத்தி, என் மைந்தனை விரும்பியவாறு மாற்றச் சொன்னேன். பத்து முறை கேட்டு, நான்கு முறையே பெயரைச் சரியாகக் கூறினேன். கண்ணை மூடிக்கொண்டே இனங்காண்பேன் என நண்பரிடம் பெருமை பேசியவன் யான்! மைந்தன் நகைக்கவில்லை. அவன் நகைத்திருப்பின் என் வெட்கம் சிறிது குறைந்திருக்கும்.

எனினும் எனக்கு உண்மை புலப்பட்டது அப்பரீட்சையாலன்று. 1995 இல் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அக்காவும் கைப்பையோடு வெளியேறினார். திரும்பிச் சென்று பார்த்தபோது வீட்டிற் கூரையுமில்லை. ஐயாவின் புராண ஏடுகளுமில்லை. சுவரிற் கிடந்த அவரது ஒரே படமுமில்லை. 1998 இல் அக்கா இலண்டனுக்கு வந்தார். ஐயா இவ்வுலகில் விட்டுச்சென்றவற்றுள் எஞ்சியது என் மேசையிலிருந்த நாடா ஒன்றே என்பதனை அன்றுதான் இருவரும் உணர்ந்தோம்.

அக்காவை நடுவே இருத்தி, ஐயாவின் குரலை நான்கு பெட்டிகளிலுங் கேட்பித்தேன். இருபதாண்டு உழைப்புக்குத் தீர்ப்பு வேண்டி நின்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, குரல் ஐயாவின்ரைதான். ஆனால் ஐயா ஒருநாளும் இப்பிடிச் சத்தம்போட்டு வாசிக்கேல்லை. கொஞ்சம் குறை" என்றார். குறைத்தேன். "இன்னுங் குறை" என்றார். விறாந்தையின் ஒரு மூலையிலிருந்து ஒருவர் தமக்கென வாசிக்கும் அளவுக்குக் குறைந்தபோது, அக்கா கண்களை மூடிக்கொண்டார். அந்நேரம் இயங்கிக்கொண்டிருந்தது, யான் மெலிந்ததென்று ஒதுக்கிவைத்திருந்த ஓரடிப் பெட்டி.

யான் திகைத்து நின்றேன். பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 இல் வெளியிட்ட ஆராய்ச்சியை மாணவப் பருவத்திலேயே கற்றவன் யான். ஒலி உரக்குந்தோறும் மனிதச் செவி தாழ்ந்த மீடிறன்களைக் கூடுதலாக உணரும் என்பது அதன் முடிபு. ஆதலின் ஒரு குரலை அதற்குரிய அளவினும் உரக்கச் செய்தால், அக்குரலின் தன்மையே மாறி, நெஞ்சு பருத்து ஒலிக்கும். எந்த ஒலிபெருக்கியாயினும் ஒரு மனிதனின் குரலுக்குப் பொருந்திய ஒலியளவு ஒன்றே உண்டு. அவ்வளவைப் பிழைவிட்டு, இருபதாண்டு பெட்டிகளைக் குற்றஞ்சாட்டினேன். சூத்திரம் எனக்குத் தெரிந்திருந்தது. ஐயா எவ்வளவு மெல்ல வாசிப்பார் என்பது மறந்துபோயிருந்தது. அது அக்காவின் நினைவில் இருந்தது.

பி. பி. சி. பொறியியலாளர் தம் ஒலிபெருக்கிகளைச் சோதித்த முறையும் அப்போது நினைவுக்கு வந்தது. ஓர் அறையிலே தமக்கு நன்கு பழகிய ஒருவரைப் பேசவைத்து, மற்றோர் அறையிலே அக்குரலை ஒலிபெருக்கி வழியாகக் கேட்பர். உடனே எழுந்து சென்று அவரையே நேரிலுங் கேட்பர். உயிருள்ள குரலே அவர்களுக்கு உரைகல். யானோ உரைகல்லின்றிப் பொன்னை உரைத்துப் பார்த்தவன்.

மறுநாள் அக்காவை ஐயா வாசித்த அதே பகுதியை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தேன். அக்கா பக்கத்து அறையில் இருக்க, நாடாவையும் அவரையும் மாறிமாறிக் கேட்டேன். ஒலியளவையும் கருவிகொண்டு குறித்தேன். பெட்டிகளுள் அக்காவுக்கு மிக அண்மையில் நின்றவை இரண்டு: குவாட்டும் எல். எஸ். 3/5ஏயும். என் வாழ்நாளில் யான் செய்த நேர்மையான ஒப்பீடு அஃதொன்றே. ஏனைய ஒன்பது சோடிகளையும் அடுத்த ஆண்டுகளில் விற்றும் கொடுத்தும் தீர்த்தேன். இல்லாளுக்குக் கதிரைகள் கிடைத்தன.

2011 இல் அக்காவும் மறைந்தார். இன்று என் செவியும் முதுமையடைந்துவிட்டது. உயர்ந்த மீடிறன்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. ஆயினும் இரு நாடாக்களையும் ஆண்டுதோறும் கேட்பேன். அவற்றிடையே ஒரு வேறுபாடுண்டு. அக்காவின் குரலை அறிவேன். ஏனெனில் அவர் இருக்கும்போதே அவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐயாவின் குரலை ஊகிக்கின்றேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் இளைய மாணவருக்கு ஒன்று கூறி அமைவேன். இன்று நும் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி, என் அம்மானின் கருவியினும் பன்மடங்கு திறமையானது. நும் பாட்டனாரும் பாட்டியாரும் பேசுவதை அதிற் பதிவுசெய்க. செய்தவுடன் அவர்கள் முன்னிலையிலேயே அதனை ஓடவிட்டு, அவர்கள் பேசும் அளவுக்கே ஒலியை அமைத்து, "இது நீங்கள்தானா?" என்று கேட்டு வைக்க. எக்கருவி சிறந்ததென்று பின்னர் ஆறுதலாக ஆராயலாம். உரைகல் வீட்டில் இருக்கும்போதே உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

சுரமானியின் முன்னே நிறுத்தி எமக்குக் கேட்கக் கற்பித்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!